கையெழுத்துப் போடாத அப்பன்

நூற்றியொரு வயது செஞ்சுரி கௌடாவுக்குக் கடைசி ஆசை என்று எதுவும் இல்லை. தெருவோரம் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். ஒன்றுக்கிருக்க எழுந்து போகிறார். போன இடத்தில் விழுந்து செத்துப்போகிறார். யாரையும் அருகே அழைக்கவில்லை, யாரிடமும் சத்தியம் வாங்கவில்லை. ராம் ரெட்டி இயக்கிய ‘திதி’ என்ற கன்னடப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. 2015 ஆகஸ்டில் லொகார்னோ திரைப்பட விழாவில் இரண்டு விருதுகள் வாங்கி, கன்னடத்தின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்று, 2016 மே மாதம் கர்நாடகத் திரையரங்குகளுக்கு வந்தது. கதை நடப்பது மைசூருக்குப் பக்கத்து மண்டியா மாவட்டத்தின் நொதேகொப்பலு கிராமத்தில். 1939 வரை மண்டியாவும் மைசூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. காவிரிப் பாசனம், கரும்பு, கௌடா குடும்பங்களின் நிலத் தகராறு எல்லாம் அங்கே இன்றைக்கும் பொதுச் சொத்து.

சாகும் பெற்றோரின் கடைசி ஆசையைப் பிள்ளை நிறைவேற்றும் கதைகளைப் பற்றி எழுத உட்கார்ந்து, ஆசையே இல்லாத கிழவரிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வகைப் படங்கள் எதைச் சொல்லத் தயங்குகின்றனவோ அதை ‘திதி’ சொல்லிவிடுகிறது.

பழைய தமிழ்ப் படங்களில் மரணப் படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கு ஒரு வேலை உண்டு. இருமல்களுக்கு நடுவே மகளின் கையை எடுத்து யாரோ ஒருவன் கையில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்க்க வேண்டும். மிச்சப் படம் அந்தச் சத்தியத்தின் மேல் ஓடும். அழுகைக்கு மட்டுமே உரியதாக இருந்த அந்தக் கட்டில் அண்மைக் காலத்தில் சிரிப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறது. காசியில் சாக விரும்பும் அப்பா (‘முக்தி பவன்’, 2016), ஆடம்பர அடக்கத்துக்கு ஏங்கும் அப்பா (மலையாளத்தின் ‘ஈ.ம.யௌ.’, 2018), பிரியாணி முதல் பால்ய சினேகிதி வரை பட்டியல் போட்டு ஆசைகளைத் தீர்த்துக்கொள்ளும் கிழவர் (மதுமிதாவின் ‘கே.டி. என்கிற கருப்புதுரை’, 2019) என்று வரிசையாக வந்தார்கள்.

இந்த வகையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கடைசி ஆசை பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகை. நாற்பது வருடப் பாக்கியை ஒரே தவணையில் அடைத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். நேரம் ஒதுக்காத மகன், பேசாமல் விட்ட மகள், சண்டையோடு பிரிந்த குடும்பம் என்று எல்லோருக்கும் ஒரு பயணம், ஒரு சாப்பாடு, ஒரு சடங்கு போதும். பார்வையாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்காக வருகிறது என்பதில்தான் சந்தேகம். நல்ல படங்கள் இந்தச் சந்தேகத்தைத் தாங்களே எழுப்புகின்றன, மற்றவை அதை இசையால் மூடிவிடுகின்றன.

‘கே.டி.’யைத் திட்ட மனம் வராது. கிழவராக வரும் மு. ராமசாமியின் முகமும் சிறுவனாக வரும் நாகவிஷாலின் வாயும் சேர்ந்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் படம் எதன் மேல் நின்று சிரிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கோமாவிலிருந்து விழிக்கும் கிழவர், தன் பிள்ளைகள் தனக்குத் தலைக்கூத்தல் செய்யத் திட்டமிடுவதைக் கேட்டு ஓடிப்போகிறார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து முதியவர்களைக் கொல்லும் அந்தத் தென்மாவட்ட வழக்கம் ‘கே.டி.’யில் ஒரு துரத்தல் கதைக்குச் சாவி கொடுக்கிறது, அவ்வளவுதான். அதே வழக்கத்தை எடுத்துக்கொண்ட பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ நம்மைச் சிரிக்க விடவில்லை. 2018ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம் அதுதான். ‘கே.டி.’யில் ஆசைகளை நிறைவேற்றுவது பிள்ளைகள் இல்லை, வழியில் கிடைத்த அநாதைச் சிறுவன். படத்தின் உண்மையான கசப்பு அங்கே இருக்கிறது. படம் அதைத் தொட்டுவிட்டு வேகமாக அடுத்த ஆசைக்குப் போய்விடுகிறது.

சுபாஷிஷ் பூட்டியானியின் ‘முக்தி பவன்’ இன்னும் நிதானமானது. சாக வருகிறவர்களுக்கான விடுதியில் தங்குவதற்குப் பதினைந்து நாள்தான் கணக்கு. அதற்குள் சாகாவிட்டால் வேறு பெயரில் பதிவு செய்துகொள்ளலாம் என்று மேலாளரே வழி சொல்கிறார். மகனுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தபடி இருக்கிறது. அப்பா சாகவும் மாட்டேன் என்கிறார், கிளம்பவும் மாட்டேன் என்கிறார். அந்த அலுப்பைக் காட்டத் துணிந்ததுதான் படத்தின் நேர்மை. கடைசியில் அப்பாவே மகனை ஊருக்கு அனுப்பிவிடுகிறார். ஆசை நிறைவேறும்போது மகன் பக்கத்தில் இல்லை.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘ஈ.ம.யௌ.’ இதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோகிறது. செல்லானம் கடற்கரையில் கத்தோலிக்கக் குடும்பம். ஊர் ஊராகப் போய்த் திரும்பும் வாவச்சன் மேஸ்திரி கையில் வாத்தோடு வீட்டுக்கு வருகிறார். மகன் ஈசியோடு உட்கார்ந்து குடிக்கிறார், தன் அப்பனின் அடக்கம் எவ்வளவு விமரிசையாக நடந்தது என்று பெருமை பேசுகிறார். அதையும் மிஞ்சி உனக்குச் செய்கிறேன் என்று மகன் வாக்குக் கொடுக்கிறான். போதையில் கொடுத்த வாக்கு. அன்று இரவே அப்பன் விழுந்து சாகிறார். பிறகு எதுவும் சரியாக நடப்பதில்லை. கைக்கு மீறிய சவப்பெட்டி, அடாத மழை, வாசலில் வந்து நிற்கும் இன்னொரு குடும்பம், கொலையோ என்ற வதந்தி, அடக்கத்துக்கு மறுக்கும் பாதிரியார். புத்தி பேதலித்த மகன் கடைசியில் தன் வீட்டு மண்ணிலேயே குழி தோண்டுகிறான்.

இங்கே ஆசை நிறைவேறவில்லை, மகனும் கெட்டவன் இல்லை. வசதி இல்லாதவன் கொடுத்த வாக்கு ஊர், சபை, வானிலை என்று ஒவ்வொன்றோடும் மோதி உடைகிறது. பி.எஃப். மாத்யூஸின் திரைக்கதை காசைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதும் முக்கியம். கடைசி ஆசைப் படங்களில் பெரும்பாலானவை பில்லைக் காட்டுவதே இல்லை. யார் விடுப்பு எடுத்தார்கள், யார் நகை அடகுக்குப் போனது, படுக்கையில் மலம் அள்ளியது யார் என்ற கேள்விகள் அவற்றுக்குள் நுழைவதில்லை.

நுழைகிற அபூர்வமான இடம் ஒப்பாரி. ‘ஈ.ம.யௌ.’வில் வாவச்சனின் மனைவி பென்னம்மாவாக வரும் பௌளி வல்சன், பிணத்தருகே உட்கார்ந்து அழுதுகொண்டே புகார் சொல்கிறார். புதிதாக யாராவது வந்தால் குரல் ஏறுகிறது. நம் ஊர்ச் சாவு வீடுகளில் இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. புகழ்ச்சி ஒரு வரி, பழிப்பு மறு வரி, இடையில் நாத்தனாருக்கு ஒரு குத்து. ஆண்கள் பந்தலில் காசுக் கணக்குப் பேசிக்கொண்டிருக்க, செத்தவன் எப்படிப்பட்டவன் என்ற உண்மையான விமர்சனம் உள்ளே பெண்கள் வாயில் பாட்டாக வந்துகொண்டிருக்கும். சாவு வீட்டு நகைச்சுவை நம்மிடம் சினிமாவுக்கு முன்பே இருந்தது. கல்யாணச் சாவுக்குப் பறை அடித்து ஆடுகிற சமூகத்துக்கு, மரணத்தில் சிரிக்கலாம் என்று வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஜூஸோ இதாமியின் ‘ஓசோஷிகி’ (1984) என்ற ஜப்பானியப் படத்தில், துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் என்ன பேச வேண்டும் என்று வீடியோ போட்டுப் பார்த்து ஒரு குடும்பம் பயிற்சி எடுக்கும். நமக்கு அந்த வீடியோ தேவைப்படாது.

‘திதி’க்குத் திரும்புகிறேன். நமக்குத் திதி என்றால் ஆண்டுதோறும் வருவது. அங்கே பதினோராம் நாள் காரியமும் ஊர் விருந்தும். அந்த நாளுக்குள் நான்கு தலைமுறைக்கும் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. செத்தவரின் மகன் கட்டப்பா (பாகுபலி ஆசாமி இல்லை, தாடிக்காரர் என்பதால் வந்த பட்டப்பெயர்) கையில் டைகர் பிராந்தியோடு வயல்வரப்பில் நடந்துகொண்டே இருக்கிறார். பேரன் தம்மண்ணாவுக்கு ஐந்து ஏக்கர் நிலத்தை விற்றாக வேண்டும். கொள்ளுப்பேரன் அபி ஆடு மேய்க்கும் காவேரியின் பின்னால் அலைகிறான். நிலம் கிழவரின் பெயரில். கிழவர் போனால் கட்டப்பாவுக்கு. கட்டப்பா கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அவருக்கு நிலத்தில் ஆசை இல்லை, கையெழுத்திலும் இல்லை. அவர் மகன் தம்மண்ணா என்ன செய்கிறான்? உயிரோடு இருக்கும் அப்பனுக்கு மரணச் சான்றிதழ் வாங்குகிறான். அதற்கு லஞ்சம், அதற்குக் கமலக்காவிடம் வட்டிக்குக் கடன். பிறகு அப்பன் கையில் காசு கொடுத்து, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவைக்கிறான்.

படத்தின் கூர்மையான இடம் இது. மற்ற படங்களில் மகன் அப்பாவை யாத்திரை அழைத்துப் போவது அன்பின் உச்சம். இங்கே அதே யாத்திரை அப்பனை ஒளித்துவைக்கும் உபாயம். பார்ப்பதற்குக் கடைசி ஆசையை நிறைவேற்றும் பிள்ளை போலவே இருக்கிறான் தம்மண்ணா. கட்டப்பாவுக்கும் ஒரு ஆசை இருக்கிறது, என்னை விட்டுவிடு என்பதுதான் அது. அதை யாரும் ஆசையாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்றவர்களின் ஆசை நமக்குச் செய்யத் தெரிந்ததாக, முடிந்தால் நாலு பேர் பார்க்கும்படி இருந்தால்தான் அதை ஆசை என்றே ஒப்புக்கொள்கிறோம்.

தம்மண்ணாவை வில்லனாக்காதது படத்தின் இன்னொரு பலம். கடனில் மூழ்குகிறவன் அவன். ஊருக்கு விருந்து போட்டாக வேண்டியவனும் அவன்தான். காகிதத்தில் ஆளைக் கொல்வது கற்பனையும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தில் லால் பிகாரி என்பவரை 1975இல் உறவினரே பதிவேட்டில் சாகடித்து நிலத்தை எடுத்துக்கொண்டார். தான் உயிரோடு இருப்பதாக அரசை ஒப்புக்கொள்ள வைக்க அவருக்கு 1994 வரை ஆயிற்று. ‘காகஸ்’ (2021) என்ற இந்திப் படம் அவர் கதைதான். அதில் ஒரு மனிதன் அமைப்போடு போராடுகிறான். ‘திதி’யின் கட்டப்பா போராடுவதில்லை, தான் செத்துவிட்டதாகச் சொன்னாலும் அவருக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குப் பின்னதுதான் அதிகம் வலிக்கிறது.

கன்னடத்துக்கு இந்தக் கறுப்பு நகைச்சுவை புதிதில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்கார’ நாவல் 1965இல் வந்தது, பட்டாபிராம ரெட்டியின் படம் 1970இல். அதில் அக்கிரகாரத்து நாரணப்பாவின் பிணம் கிடக்கிறது, கொள்ளி வைக்க யாரும் முன்வரவில்லை. பிணத்தை எடுக்கும்வரை அக்கிரகாரத்தில் யாரும் சாப்பிடவும் முடியாது. அவனோடு வாழ்ந்த சந்திரி தன் நகைகளைக் கழற்றி வைத்ததும், ஒதுங்கி நின்றவர்களுக்கெல்லாம் திடீரென உரிமை ஞாபகம் வருகிறது. ‘திதி’யின் பதினோரு நாளும் அந்த நகைக் குவியலின் தொடர்ச்சிதான். மைசூரார் அஸ்தி கரைக்கப் போகும் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பச்சிமவாகினித் துறை, காந்தியின் அஸ்தியும் கரைக்கப்பட்ட இடம், இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. சடங்கு கனத்த மண்ணிலிருந்து வந்த படம் என்பதால்தான் சடங்கைக் கேலி செய்வதற்கு அது மெனக்கெடவில்லை. செலவை மட்டும் எண்ணிக் காட்டுகிறது.

‘திதி’யில் நடித்தவர்கள் அந்தப் பக்கத்து மக்களே. இணைந்து எழுதிய எரேகௌடா அந்தக் கிராமத்துக்காரர். ஆட்களைப் பார்த்துப் பாத்திரம் எழுதினார்கள். அதனால் மண்டியாப் பேச்சு அதன் வசையோடும் வேகத்தோடும் கிடைத்தது. கட்டப்பாவாக வரும் சன்னேகௌடாவின் நடையை எந்த நடிகரும் பயின்று கொடுத்திருக்க முடியாது. இதே முறைக்கு ஒரு விலையும் உண்டு. விழாக்களில் பார்க்கிறவர்களுக்கு இது நடிப்பா, இவர்கள் இப்படித்தானா என்ற கோடு மங்கிவிடுகிறது. கிராமத்தான் தன் இயல்பிலேயே வேடிக்கை என்ற பழைய எண்ணத்துக்கு அது தீனி போடுகிறது. 2016இலேயே செஞ்சுரி கௌடாவையும் கட்டப்பாவையும் அபியையும் ‘தர்லே வில்லேஜ்’ என்ற படத்துக்கு இழுத்துக்கொண்டார்கள்.

என் பெரிய புகார் வேறு. கட்டப்பா ஏன் இப்படி ஆனார் என்பதை ஆடு மேய்ப்பவர்களின் நெருப்பருகே அவரே சொல்கிறார். தன் அப்பனுக்கும் தன் மனைவிக்கும் இருந்த உறவைச் சொல்லும் அந்த நீண்ட பேச்சுதான் படத்தின் இருதயம். செஞ்சுரி கௌடாவின் சாவுக்கு மகன் அழாததன் காரணம் அங்கேதான் விளங்குகிறது. ஆனால் அந்த மனைவி அதில் ஒரு காரணமாக மட்டுமே வருகிறாள். மாமனாரின் அதிகாரத்துக்குக் கீழே இருந்த மருமகளுக்கு அங்கே எவ்வளவு சம்மதம் இருந்திருக்கும் என்று படம் கேட்பதே இல்லை. காவேரி விஷயத்திலும் அப்படித்தான். அபி அவளை ஒளிந்து பார்ப்பதும் விடாமல் பின்தொடர்வதும் குறும்பாகவே போகிறது. அவள் இணங்கும்போது அதற்கு முன் நடந்ததெல்லாம் காதலாகிவிடுகிறது. ஆண்களின் நான்கு தலைமுறைக்கும் தனித்தனி நடை, தனித்தனி ஆசை கொடுத்த படம், பெண்களில் கமலக்கா ஒருத்திக்குத்தான் கணக்கையும் கண்டிப்பையும் கொடுத்திருக்கிறது. கணவன் பிணத்தின் முன் கணக்குக் கேட்கப் பென்னம்மாவை ‘ஈ.ம.யௌ.’ உட்கார வைத்தது. அப்படி ஒருத்தி நொதேகொப்பலுவில் இருந்திருந்தால், செஞ்சுரி கௌடாவை வெறும் வாய்த்துடுக்கான கிழவராக நினைத்துச் சிரித்த முதல் பத்து நிமிடத்தை நாம் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்திருக்கும்.