133 நாள் மந்திரிகள்

புக்கர் பரிசு தெரியுமில்லையா? 1969-ல் அதை ஆரம்பித்த கம்பெனிக்கு பிரிட்டிஷ் கயானாவில் ஏகப்பட்ட கரும்புத் தோட்டம். அந்த நாட்டையே ‘புக்கர்ஸ் கயானா’ என்று கேலி செய்வார்கள். அங்கே 1953 ஏப்ரலில்தான் வயது வந்த எல்லோருக்கும் முதன்முதலாக ஓட்டு. 24 இடத்தில் 18, சேதி ஜெகன் கட்சிக்கு. ஜெகன் பல் டாக்டர். உத்தரப்பிரதேசத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாகப் போன குடும்பம். எந்தச் சங்கத்தோடு முதலாளி பேசவேண்டும் என்பதைத் தொழிலாளிகளே ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டும் என்று மசோதா கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான், கம்யூனிஸ்ட் அபாயம் என்று சர்ச்சில் அரசு பட்டாளத்தை அனுப்பியது. அக்டோபர் 9-ல் அரசியல் சட்டமே முடக்கம். மொத்தம் 133 நாள்.

அந்தச் சூடு ஆறாமல் ஜெகன் எழுதி 1954-ல் வந்த புத்தகம் ‘ஃபர்பிடன் ஃப்ரீடம்’. தோட்டக் கூலிகளின் வாழ்க்கையைச் சொல்லும்போது மனுஷன் பின்னுகிறார். தன் கட்சி என்று வந்தால் மட்டும் வக்கீல் நோட்டீஸ் வாசனை. சக மந்திரி பர்ன்ஹாம் இதில் தோழர். 1955-ல் கட்சி உடைந்தது. ‘தி வெஸ்ட் ஆன் ட்ரயல்’ என்று ஜெகன் மறுபடி எழுதி 1966-ல் வெளியிட்டபோது பர்ன்ஹாம் பிரதமர், ஜெகன் எதிர்க்கட்சி. கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். முதலில் 1954.