பொன்னும் வெள்ளியும்

பனாமாக் கால்வாயைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் பல. மலையைப் பிளந்த மாண்பையே அவை மிகுதியும் பாடுகின்றன. ஹாரி பிராங்க் என்ற அமெரிக்கர் 1913 இல் வெளியிட்ட ‘சோன் போலீஸ்மேன் 88’ அந்த வரிசையில் சேராதது. மலையை விட்டு மனிதனைப் பார்த்த நூல் அது. ஆனால், பார்த்தவர் உணர்ந்தாரா என்பதே நம் கேள்வி.

கால்வாய்ப் பகுதி, பனாமா நாட்டின் நடுவே பத்து மைல் அகலத்தில் அமெரிக்க அரசு ஆண்ட நிலம். 1904 இல் தோன்றி, 1979 அக்டோபர் முதல் நாளன்று மறைந்தது. அங்கே அரசே முதலாளி, அரசே வீட்டுக்காரர், அரசே கடைக்காரர்! வேலை போனால் வீடும் போகும்.

1912 இல் அங்கே குடிக்கணக்கு எடுக்கவும், பின்னர்க் காவல் புரியவும் பிராங்க் அமர்ந்தார். ஆதலின், மாளிகைக்குள்ளும் நுழைந்தார், தகரக் கொட்டகைக்குள்ளும் நுழைந்தார். அங்கே கண்டது என்ன? பொன் நாணயத்தில் ஊதியம் பெறும் வெள்ளை அமெரிக்கர் ‘பொன் பட்டியல்’. வெள்ளி நாணயம் பெறும் பார்படோசு, ஜமைக்காத் தீவுகளின் கறுப்பர் ‘வெள்ளிப் பட்டியல்’. கடையிலே பிரிவு, அஞ்சலகத்திலே பிரிவு, படிக்கும் பிள்ளைகளிடையேயும் பிரிவு! பொன் பட்டியலார் மேசையிட்டு உண்டனர். வெள்ளிப் பட்டியலாரின் உணவுக்கூடத்திலோ நாற்காலியே கிடையாது. நின்றபடி உண்ண வேண்டும். அன்றேல் வெளியே சென்று மண்ணில் குந்த வேண்டும்.

இதனைக் கண்ட பிராங்க், பொன் பட்டியலாரைப் பார்ப்பனர் என்றே அழைக்கிறார்! இந்துக்களையும் விஞ்சிவிட்டோம் என்கிறார். பார்ப்பனருக்குள்ளும் படிகள் பல. சம்பளத்துக்கேற்ப விளக்குகளின் எண்ணிக்கை, கட்டிலின் வகை, புத்தக அலமாரியின் அளவுகூட மாறுபடும் என்று விரிக்கிறார். இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர் அவர். உவமை வெறும் ஏட்டறிவன்று.

உவமை சரி, ஆனால் நகைக்கிறாரே! இங்கே சாதிக்குச் சாத்திரம் காட்டினர், முன்வினை காட்டினர், கடவுளின் முகத்தையும் காலையும் காட்டினர். அங்கே எந்த வேதமும் இல்லை. ஒரு சம்பளப் பட்டியலே மனுநூலின் வேலையைச் செய்து முடித்தது. இதனினும் பெரிய உண்மை வேறென்ன வேண்டும்? ஆண்டவன் வகுத்ததன்று, அலுவலகம் வகுத்தது என்று அவர் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மேலடுக்கின் அலமாரியை அளந்தவர், கீழடுக்கில் கண்டது கொச்சை ஆங்கிலத்தின் வேடிக்கையைத்தான். கதவைத் தட்டினார், பெயரைக் குறித்தார், உச்சரிப்பைக் கேலி செய்தார், நகர்ந்தார். நடை விறுவிறுப்பானதுதான், மறுக்கவில்லை. அந்த விறுவிறுப்பே குற்றத்தை மறைக்கிறது. அமெரிக்கர் காலத்துக் கட்டுமானத்தில் மாண்டோர் 5,600 பேருக்கு மேல் என்பது அரசின் கணக்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்.

1963 இல் பனாமாவிலிருந்த வரலாற்றுக் கழகம் ஒன்று, கட்டுமானக் காலத்து உழைப்பாளரின் நினைவுகளைப் போட்டி வைத்துத் திரட்டியது. முதுமையடைந்த வெள்ளிப் பட்டியலார் நூற்றுக்கு மேற்பட்டோர் எழுதி அனுப்பினர். வெடிமருந்தும், மலைக்காய்ச்சலும், மண்சரிவும் அவற்றில் உண்டு. இலக்கணம் வழுவும் எழுத்துத்தான். ஆயினும் பிராங்கின் நூலைப் படிப்போர், அந்தக் கடிதங்களையும் அருகே வைத்துப் படிக்க வேண்டுகிறோம். அவர் தட்டிய கதவுகளுக்கு உள்ளே இருந்தவர்கள் இவர்களே.