வெள்ளை மொழியும் விடுபட்ட பணியும்

துன்பத்தை எழுதுவதில் எமது எழுத்தாளர் கைதேர்ந்தவர்கள். ஒரு மனிதன் அடிபடுவதையும் பசியால் வாடுவதையும் வீட்டை விட்டுத் துரத்தப்படுவதையும் பக்கம் பக்கமாக எழுத அவர்களால் இயலும். அதே மனிதன் மறுநாட் காலையில் எழுந்து, ஓர் அலுவலகத்துக்குச் சென்று, பதிவேட்டில் ஒப்பமிட்டு, தன்னைப் போன்ற மற்றையோருக்காக ஒரு வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டால் பேனா தயங்கிவிடுகிறது. அடிபடுபவன் இலக்கியத்துக்கு உரியவன் என்றும், வேலை செய்பவன் ஆண்டறிக்கைக்கு உரியவன் என்றும் எழுதப்படாத விதியொன்று எமது படைப்புலகில் நிலவுகிறது போலும். எச்.ஐ.வி. தடுப்பையும், பாலடையாளத்தாலும் பால்விருப்பாலும் ஒதுக்கப்பட்ட இளைஞருக்குத் துணை நிற்பதையும் வாழ்நாட் பணியாக ஏற்றுக்கொண்டவர்கள் தமிழ் நிலத்தில் முப்பது ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள். அவ்வுழைப்புக்குத் தமிழ் எழுத்தில் என்ன இடம் கிடைத்திருக்கிறது? இவ்வினாவை மனத்திற்கொண்டு ரேவதியின் ‘வெள்ளை மொழி’யை நாம் மீண்டும் படித்தோம்.

இந்நூலின் பிறப்பே விசித்திரமானது. ரேவதி இதைத் தமிழில் எழுதினார். ஆனால் முதலில் அச்சேறியது வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அது 2010இல் வெளிவந்தது. மூலமாகிய தமிழ் நூல் 2011இல்தான் வாசகர் கைக்கு வந்தது. தாய்மொழியில் எழுதப்பட்ட ஒரு தன்வரலாறு அயல்மொழிக்குப் போய்த் திரும்பிய பின்னரே தாய்மொழி வாசகரைச் சேர்ந்தது என்பதை ஒரு சிறு செய்தியாகக் கடந்துபோக எம்மால் இயலவில்லை. இதன் காரணத்துக்குப் பின்னர் வருவோம்.

நாமக்கற் பக்கத்துக் கிராமமொன்றில் ஆண்பிள்ளையாகப் பிறந்து வளர்ந்தவர் ரேவதி. தம்மைப் பெண்ணென்று உணர்ந்த அவர், தமையன்மாரின் அடிக்கும் பள்ளிக்கூடத்தின் ஏளனத்துக்கும் அஞ்சி வீட்டை விட்டு ஓடி, டெல்லியிலும் மும்பாயிலும் திருநங்கையர் கூட்டத்தோடு வாழ்ந்தார். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். பாலியற் தொழில் செய்தார். பொலிசாரிடமும் காடையரிடமும் வதைபட்டார். பின்னர் பெங்களூரில், 1999இல் தோன்றிய ‘சங்கம’ என்னும் அமைப்பில் சிறு ஊழியராகச் சேர்ந்து, படிப்படியாக அதன் தலைமைப் பொறுப்புக்கே உயர்ந்தார். சங்கம முதலில் உரிமைக்காக எழுந்த அமைப்பு. நோய்த் தடுப்புத் திட்டங்களைப் பின்னரே ஏற்று நடத்தியது. இவ்வரிசை முக்கியமானது. மனிதருக்கு முதலில் மரியாதை, பின்னர் மருந்து என்ற ஒழுங்கை அது காட்டுகிறது.

ரேவதிக்கு முன்னர் தமிழில் ஒன்றும் இல்லை என்று நாம் கூறவில்லை. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ 1994இல் நூலாயிற்று. பொறியியற் கல்லூரி மாணவனான சுயம்பு மேகலையாகும் கதை அது. பல இலட்சம் பேர் படிக்கும் வார இதழில் தொடராக வந்து, அதுவரை எள்ளலுக்கு மட்டுமே இடமிருந்த பக்கங்களில் கண்ணீரை வருவித்தது. முற்போக்கு முகாமைச் சேர்ந்த அவ்வெழுத்தாளரின் துணிவு பாராட்டுக்குரியது. அவரே ‘பாலைப்புறா’ என்ற நாவலில் எயிட்ஸ் நோயை எடுத்துக்கொண்டார். அதில் வரும் கிராமத்துப் பெண் கணவனிடமிருந்து தொற்றைப் பெறுகிறாள். ஊர் அவளைப் பழிக்கிறது. இரண்டும் நேர்மையான நூல்கள். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வெற்றிடம் தெரிகிறது. ஒரு நாவலில் பாலடையாளம், மற்றதில் நோய். இவையிரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் மனிதன், அதாவது நள்ளிரவில் பேருந்து நிலையத்தில் ஆணுறையும் துண்டுப் பிரசுரமும் வைத்துக்கொண்டு இன்னோர் இளைஞனோடு பேசிக்கொண்டிருக்கும் களப்பணியாளன், இரு நாவல்களுக்கும் நடுவே நழுவி விழுந்துவிட்டான்.

அவன் யார், அவனது பணி எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே கூறவேண்டியிருக்கிறது. ஏனெனில் எமது வாசகருக்கு நோயின் கதை தெரிந்த அளவு பணியின் கதை தெரியாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவ மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியற் தொழிலாளரின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்குக் கொண்டுசென்று சோதித்தார். ஆறு பெண்களிடம் தொற்று இருப்பது தெரியவந்தது. அரசு என்ன செய்தது? தொற்றுள்ள பெண்களைச் சிறைப்படுத்தி வைத்தது. தண்டனைக் காலம் முடிந்தும் அவர்கள் வெளியே விடப்படவில்லை. 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே விடுதலை பெற்றார்கள். ஒரு கிருமியைப் பூட்டுப்போட்டுத் தடுக்கலாம் என்று படித்த அதிகாரிகளே நம்பிய காலம் அது.

பூட்டினால் ஆகாதது பேச்சினால் ஆயிற்று. சுனிதி சாலமன் 1993இல் தனியாக ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். மானிடவியல் பயின்ற சுனில் மேனன் 1998இல் சென்னையில் ‘சகோதரன்’ அமைப்பை நிறுவினார். ஆண்களை நாடும் ஆண்களும் திருநங்கையரும் அச்சமின்றி வந்து உட்கார, பேச, சோதனை செய்துகொள்ள ஓர் இடம் கிடைத்தது. இவ்வமைப்புகளின் உயிர்நாடி மருத்துவரல்லர். அதே கூட்டத்திலிருந்து பயிற்சி பெற்று வந்த ஊழியர்களே. தம்மைப் போலவே வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கும் பதினெட்டு வயதுப் பையனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சோதனைக்கு அழைத்துச் செல்வது, முடிவு வரும்வரை கூட இருப்பது, வீட்டார் கலியாணம் பேசும்போது ஆறுதல் சொல்வது, தற்கொலை எண்ணத்திலிருந்து மீட்பது, நடுநிசியில் பொலிஸ் நிலையத்துக்கு ஓடுவது ஆகிய யாவும் அந்த உத்தியோகத்தின் பகுதிகள். இவற்றுட் பல எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

இவ்வுத்தியோகம் செய்ததற்காகவே சிறை சென்றவர்களும் உளர். 2001 ஜூலையில் வட இந்தியாவின் லக்னோ நகரில் நோய்த் தடுப்புப் பணியாளர் நால்வர், இயற்கைக்கு மாறான புணர்ச்சியைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவையும் காட்டிக் கைது செய்யப்பட்டு, நாற்பது நாட்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தனர். அதே ஆண்டில் நாஸ் நிறுவனம் அப்பிரிவை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அதன் வாதம் எளியது: சட்டம் ஒருவனை ஒளிய வைத்தால் அவனுக்கு ஆணுறை கொடுக்க எவராலும் முடியாது. 2009இல் வெற்றி, 2013இல் தோல்வி, 2018 செப்டெம்பர் 6இல் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு எனப் பதினேழு ஆண்டுகள் அவ்வழக்கு நீண்டது. காதலைப் பற்றிய வழக்காக அது இன்று நினைவுகூரப்படுகிறது. அது தொடங்கியது சுகாதார ஊழியரின் வழக்காகவே.

இனி ரேவதியின் நூலுக்குத் திரும்புவோம். இவ்வளவு பெரிய பணியுலகத்தினுள் வாழ்ந்தவர் அவர். நூலின் சிறப்பு முழுவதும் அதன் சொல்முறையில் இருக்கிறது. குரு, சேலா, ஜமாத், நிர்வாணம் என்ற கூட்டத்தாரின் சொற்களை அவர் விளக்கங்களால் மூடாமல் எழுதிச் செல்கிறார். அறுவையை ‘நிர்வாணம்’ என்று அவர்கள் கூறுவதைப் படிக்கும் தமிழ் வாசகனுக்கு அச்சொல்லின் இரு பொருள்களும் ஒருங்கே உறைக்கின்றன. தம் தொழிலை அவர் மறைப்பதுமில்லை, அதற்காகத் தலைகுனிவதுமில்லை. எங்கும் இரக்கத்தை யாசிக்காத நடை அது. எமது சிறுகதையாசிரியர் சிலர் இதனைப் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நாம் துணிந்து கூறுவோம்.

ஆனால் நூலின் கட்டமைப்பைப் பற்றி எமக்கொரு முறைப்பாடு உண்டு. ஓட்டம், அடி, வல்லுறவு, பொலிஸ், மீண்டும் ஓட்டம் ஆகியவை நூலின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. அலுவலக வாழ்க்கை பின்பகுதியில் வருகிறது, அது போதாது. ஊழியராகச் சேர்ந்த ஒருவர் எவ்வாறு பொறுப்பாளராக வளர்ந்தார்? கூட்டங்களில் படித்த ஆங்கிலம் பேசுவோர் நடுவே தமிழும் கொஞ்சம் கன்னடமும் தெரிந்த அவர் எவ்வாறு தம் குரலை நிலைநாட்டினார்? இவற்றை இன்னும் விரிவாக அறிய எமக்கு ஆவல். அவ்விவரங்களைத் தருவதற்கென்றே அவர் இன்னொரு நூல் செய்தார்: 2016இல் நந்தினி முரளியிடம் அவர் கூற, பணிவாழ்க்கையைப் பேசும் அந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இங்கேதான் முன்னர் நிறுத்திவைத்த வினா திரும்பி வருகிறது. உடல் பட்ட பாடு தமிழுக்கு. அறிவு செய்த வேலை ஆங்கிலத்துக்கு என்று பங்கீடு செய்தவர் யார்? ரேவதியைக் குறைகூறுவது நியாயமாகாது. பணியைப் பற்றிய நூலுக்குத் தமிழில் வாசகர் இருப்பார் என்று எமது பதிப்புலகமும் விமர்சன உலகமும் அவருக்கு நம்பிக்கை ஊட்டவில்லை. திருநங்கையொருவரின் கண்ணீருக்குச் சந்தை உண்டு; அவரது நிருவாகத் திறமைக்குச் சந்தை இல்லை. அ. மங்கையின் நெறியாள்கையில் ரேவதியே மேடையேறித் தம் கதையை நிகழ்த்தியபோது தமிழ்ச் சபைகள் நிரம்பின என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஆகவே கேட்போர் இல்லை என்ற சாக்கு செல்லாது.

பணியைப் பற்றி எழுதினால் பணத்தைப் பற்றியும் எழுத வேண்டிவரும். தயக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். 2003இல் கேட்ஸ் அறக்கட்டளை இந்தியாவில் தொடங்கிய ‘அவாகன்’ திட்டம் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் பெருந்தொகையைச் செலவிட்டது. அதனால் உயிர்கள் காக்கப்பட்டன. அதை மறுப்பது அறியாமை. எனினும் அத்தகைய பணம் எண்ணக்கூடியவற்றையே எண்ணுகிறது. எத்தனை ஆணுறை, எத்தனை சோதனை என்ற கணக்கு உண்டு. வீட்டை விட்டு விரட்டப்பட்ட பையனோடு ஓரிரவு முழுதும் விழித்திருந்ததற்குப் பத்தி இல்லை. மனிதனை நோய் பரப்பக்கூடியவன் என்ற ஒரே கோணத்திற் பார்க்கும் பழக்கமும் அதனோடு வருகிறது. அப்பணம் நின்றால் ஊழியனும் தெருவில் நிற்கிறான். 2025இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை ஒரேயடியாக நிறுத்தியபோது பல நாடுகளில் இதுவே நடந்தது. இம்முரண்பாடுகளை உள்ளே நின்று எழுதும் ஒரு நாவல் தமிழில் வருமானால் அது யதார்த்தவாதத்துக்குப் பெருவெற்றியாகும்.

எமது நாட்டின் நிலை என்ன? ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ 1994இல் ஆங்கிலத்தில் வந்து, கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஒருவனின் உள்ளத்தை உலகுக்குக் காட்டியது. 1995இல் ஷேர்மன் டி ரோஸ் கொழும்பில் ‘கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி’ என்ற அமைப்பைத் தொடங்கி, நோய்த் தடுப்பையும் தோழமையையும் ஒன்றாக நடத்தினார். குழந்தை வைத்தியர் கமலிகா அபேரத்ன, ஏற்றப்பட்ட இரத்தத்தின் மூலம் தமக்குத் தொற்றியதைப் பகிரங்கமாக அறிவித்து, இறக்கும்வரை நோயாளரின் உரிமைக்காக உழைத்தார். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து இலவசம். அதனை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி அளவிடமுடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவு மூலம் பிறருக்குத் தொற்றுவதில்லை என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை.

இத்தனையும் இருக்க, வெள்ளைக்காரன் 1883இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. 1995இற் செய்த திருத்தம், ஆண்களை மட்டும் சுட்டிய சொல்லை ‘ஆட்கள்’ என மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்தது. எமது நாட்டில் சமத்துவம் வந்த வழிகளுள் இதுவும் ஒன்று! அப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது; சட்டமூலமும் சட்டமாகாமற் போயிற்று. ஆணுறை வைத்திருப்பதையே குற்றத்துக்குச் சான்றாகப் பொலிசார் கொள்வதை 2016இல் வெளிவந்த மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் அறிக்கை எடுத்துக்காட்டியது. சுகாதார அமைச்சு கொடுப்பதைப் பொலிஸ் பறிக்கிறது.

நாம் வாழும் மாங்குளத்திலிருந்து இவற்றைப் பார்க்கும்போது தூரம் இன்னும் கூடுகிறது. ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் ஊர் இது. 2013இல் இரயிலும் திரும்பி வந்தது. பரீட்சை முடிந்ததும் எமது மாணவர் அதில் ஏறிக் கொழும்புக்கு வேலை தேடிப் போகிறார்கள். அவர்களுள் தன்பாலை நாடுபவரும் உளர், தம்மைப் பெண்ணென உணரும் பையனும் உளன் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். அறிந்தும் சுகாதாரப் பாடநூலின் அந்தப் பக்கங்களை விரைவாகப் புரட்டும் வழக்கம் பல வகுப்பறைகளில் இருக்கிறது. போர் முடிந்த பின் வன்னியில் எழுதப்பட்ட கதைகளும் கவிதைகளும் ஏராளம். முகாம், இழப்பு, காணாமற்போனோர், அவயவமிழந்தோர் யாவரும் அவற்றில் இடம்பெற்றனர், பெறவே வேண்டும். ஆயினும் இந்தப் பையன் இன்னும் எவருடைய கதையிலும் நுழையவில்லை. யாழ் நகரத் தெருக்களில் வானவிற் கொடியோடு ஊர்வலம் நடந்திருக்கிறது; எமது சஞ்சிகைகளின் பக்கங்களில் அது நடக்கவில்லை.

‘வெள்ளை மொழி’யை உயர்தர வகுப்பு மாணவருக்குக் கொடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். முழுவதையும் பதினேழு வயதினரிடம் கொடுப்பது எளிதன்று. வல்லுறவைக் கூறும் பகுதிகள் கடுமையானவை. வீட்டை விட்டு ஓடும்வரையான முற்பகுதியையும், சங்கமவில் வேலைக்குச் சேரும் பகுதியையும் நாம் கொடுப்போம். இடைப்பட்டதை ஆசிரியர் முதலில் படிக்கட்டும். நாம் பார்த்த எமது பிரதேச நூலகங்கள் ஒன்றிலும் இந்நூல் இருக்கவில்லை. எம்மிடமுள்ள பிரதி சென்னையிலிருந்து வருவித்தது. அதைப் படிக்க விரும்பும் ஆசிரியர்கள் கேட்டால் தருவோம்.