சாப்பாட்டுத் தட்டு வறுமையை அளக்குமா?

ஆசிரியர் நண்பர்களே, செயலாய்வுக்காக அமெரிக்கக் கட்டுரைகளைப் புரட்டும்போது ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: ‘இலவச, சலுகை விலை மதிய உணவு பெறும் மாணவர்கள் இத்தனை விழுக்காடு.’ உடனே, ‘ஓ, ஏழைப் பிள்ளைங்க இத்தனை பேரு’ன்னு எடுத்துக்கொள்கிறோம். கொஞ்சம் பொறுங்கள்.

அங்கே தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் 1946-இல் வந்தது. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் உணவு இலவசம். 185 விழுக்காடு வரை சலுகை விலை. ஆக, கோட்டுக்கு மேலே உள்ள குடும்பமும், அடுப்பே எரியாத வீடும் ஒரே கட்டத்தில் விழுகின்றன.

அடுத்தது விண்ணப்பப் படிவம். அரசு உதவிப் பதிவுகள் வழியே தகுதி பெறாத பிள்ளை, பெற்றோர் நிரப்பித் தந்தால்தான் கணக்கில் வரும். இடைநிலைப் பள்ளி வயதில், ‘கூட்டாளிங்க பார்த்தா என்ன நினைப்பாங்க’ என்ற கூச்சம் வேறு. தேவை இருந்தும் பெயர் விட்டுப்போகும்.

பெரிய சிக்கல் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அரசு உணவு உதவி போன்றவற்றின் பதிவுகள் வழியே 40 விழுக்காட்டு மாணவர்கள் தகுதி பெற்றாலே, பள்ளி விரும்பினால் எல்லாருக்கும் இலவசமாகச் சோறு போடலாம்; படிவம் வேண்டாம். 2023-இல் இந்த வரம்பு 25 ஆகக் குறைந்தது. இத்தகைய பள்ளியில் எல்லாரையும் ‘இலவச உணவு’ என்று எழுதினால் எண் நூறாகிவிடும். அங்கே யாரும் ஒரே இரவில் ஏழையாகவில்லை, விதிதான் மாறியது. அந்த எண்ணை வைத்து, ‘ஏழைப் பள்ளி தேர்ச்சியில் முந்தியது’ என்று முடிவு கட்டினால் எப்படி?

எல்லாருக்கும் சோறு போட்டது தப்பே இல்லை. கூச்சம் போச்சு, பசி தீர்ந்துச்சு. தப்பு, சாப்பாட்டுக் கணக்கையே வறுமைக் கணக்காக்கியதில்தான். உதவிப் பதிவுகளை மட்டும் நம்பினாலும் முழுப் படம் கிடைக்காது. குடியேற்ற நிலை காரணமாக உணவு உதவி பெற முடியாத குடும்பத்துப் பிள்ளைகள் அதில் விடுபடலாம். பல வட்டாரங்களில் கூடுதல் நிதியைப் பங்கிட இத்தகைய எண்களே அடிப்படை. விடுபடும் பிள்ளையோடு அவன் பள்ளிக்குரிய பங்கும் குறையும்.

எனவே, அப்படியொரு கட்டுரையை மேற்கோள் காட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்த ஆண்டுத் தரவு? படிவமா, பதிவா? பள்ளி முழுமைக்கும் இலவசமா? பதில் இல்லையென்றால், ‘வறுமை’ என்று எழுதாதீர்கள். ‘இலவச உணவு பெறுவோர்’ என்று மட்டும் எழுதுங்கள்.