பணிக்குறிப்பில் இல்லாத வரிகள்

சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ புதிதாக ஒரு காவல் கண்காணிப்பாளர் வந்தால் மறுநாள் செய்தித்தாளில் அரைப் பத்தி வரும். சொந்த ஊர், படித்த படிப்பு, ஐ.பி.எஸ். பேட்ச், முதல் பணியிடம், அடுத்தடுத்த பணியிடங்கள், வாங்கிய பதக்கங்கள், சட்டம் ஒழுங்கைக் காப்பேன் என்ற உறுதிமொழி. டி.ஐ.ஜி., ஐ.ஜி., டி.ஜி.பி. என்று பதவி உயர உயரப் பத்தி நீளும். அதன் வடிவம் மட்டும் மாறாது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. சோழர் மெய்க்கீர்த்திகளும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. எந்த நாட்டை வென்றான், யாரைத் துரத்தினான், எதைக் கவர்ந்தான் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். பட்டத்தரசி இறுதியில் அவன் பக்கத்தில் வீற்றிருப்பாள். வென்ற ஊரில் இருந்த பெண்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அந்த வடிவத்தில் இடமில்லை. காவல் உயரதிகாரிகளின் பணிக்குறிப்பையும் ஓர் இலக்கிய வகையாக வைத்து வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். அது எதைக் கணக்கில் எடுக்கிறது, எதை விடுகிறது என்று கேட்கலாம்.

முதலில் வாசல்கள். தமிழ்நாடு காவல் துறைக்குள் நுழைய நான்கு வழிகள் உண்டு. இரண்டாம் நிலைக் காவலராகலாம். நேரடி உதவி ஆய்வாளராகலாம். குரூப் 1 தேர்வெழுதி டி.எஸ்.பி. ஆகலாம், யு.பி.எஸ்.சி. வழியாக ஐ.பி.எஸ். ஆகலாம். எந்த வாசலில் நுழைகிறோமோ அதுவே எந்த மாடிவரை ஏறலாம் என்பதையும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. 20 வயதில் காவலராகச் சேரும் பெண் முதல்நிலை, தலைமைக் காவலர் என்று ஏறிச் சிறப்பு உதவி ஆய்வாளராவதற்குள் ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழிந்துவிடும். ஐ.பி.எஸ். தேறியவர் முப்பதுகளின் தொடக்கத்திலேயே ஒரு மாவட்டத்துக்குப் பொறுப்பேற்கிறார். குரூப் 1 வழியாக வந்தவருக்குப் பல ஆண்டுகள் கழித்தே ஐ.பி.எஸ். தகுதி கிடைக்கும்; அதுவும் மூத்த பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குள்தான்.

இந்தப் படிக்கட்டில் பெண்கள் கால்வைத்தது 1973இல். ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். மொத்தம் 22 பேர். மூன்றாண்டு கழித்து, 1976 பேட்ச்சில், தமிழ்நாட்டுப் பிரிவுக்கு இரண்டு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் வந்தார்கள்: திலகவதி, லத்திகா சரண். ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு வாசல்கள் திறந்தன. மேல் வாசலில் நுழைந்தவர்கள் 2010க்குள் உச்சியைத் தொட்டார்கள். கீழ் வாசலில் நுழைந்தவர்களுக்கு, பெண்கள் காவல் பணிக்கு வந்த பொன்விழா கொண்டாடப்பட்ட 2023 மார்ச்சில் கிடைத்த அறிவிப்புகளில் ஒன்று, காலை 7 மணி வருகைப் பதிவு இனி 8 மணிக்கு என்பது. சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடிவருகிற பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது. அது நகர 50 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

திலகவதி நம் பக்கத்துக்காரர். தர்மபுரி மாவட்டத்துக் குமாரபட்டியில் பிறந்தவர். அவர் பிறந்தபோது அந்த ஊர் பழைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய 'கல்மரம்' நாவலுக்காக 2005இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். செங்கல் சுமக்கும் சித்தாள்களை எழுத ஒரு காவல் அதிகாரிக்கு முடிந்திருக்கிறது என்பது எனக்கு முக்கியமானது. அவருடைய பணிக்குறிப்பில் இந்த நாவல் ஒரு 'கூடுதல் சிறப்பாக' மட்டும் இடம்பெறும். ஆனால் தன் கீழ் இருப்பவர்களின் வாழ்க்கையைக் கவனிக்கும் கண் தலைமைக்கு வேண்டிய தகுதி இல்லையா?

லத்திகா சரண் 2006இல் சென்னை மாநகரக் காவல் ஆணையரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். 2010 ஜனவரியில் டி.ஜி.பி. ஆனார். உத்தராகண்டின் காஞ்சன் சவுத்ரி பட்டாச்சார்யாவுக்குப் பிறகு நாட்டிலேயே ஒரு மாநிலக் காவல் துறைக்குத் தலைமை ஏற்ற இரண்டாவது பெண். அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. டி.ஜி.பி. நியமனத்துக்கு யு.பி.எஸ்.சி. தேர்ந்து தரும் மூத்த மூவரிலிருந்து ஒருவரை எடுக்க வேண்டும் என்பது பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் விதித்த நெறி. அதைப் பின்பற்றவில்லை என்பதே காரணம். நெறிப்படி மறுபடி பட்டியல் தயாரித்து அவரையே அரசு நியமித்தது.

நெறி இருப்பது நல்லது. ஆனால் யாருக்காக அது நினைவுக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 31 அன்று சங்கர் ஜிவால் ஓய்வுபெற்றபோது பணிமூப்பில் முதலிடத்தில் இருந்தவர் 1990 பேட்ச்சைச் சேர்ந்த சீமா அகர்வால். பொறுப்பு டி.ஜி.பி.யாக அமர்த்தப்பட்டவர் 1994 பேட்ச்சைச் சேர்ந்த ஜி. வெங்கடராமன். பொறுப்பு நியமனம் என்பதால் மூப்பு பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லலாம். மூத்தவரைத் தாண்டிச் செல்வது ஆண்களுக்கும் நடப்பதுதான். அன்று தாண்டப்பட்டவர்களில் ஆண்களும் இருந்தார்கள். ஆனால் 1976 தொடங்கி எண்ணினால் இந்த மாநிலக் காவல் துறையின் உச்ச நாற்காலியில் அமர்ந்த பெண் ஒருவர்தான். 'முதல் பெண்' என்ற சொல்லை நாம் மகிழ்ச்சியோடு பயன்படுத்துகிறோம். 'இரண்டாவது பெண்' எங்கே என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

அடுத்து, பணிக்குறிப்பில் வரும் நிகழ்ச்சிகள். 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. இன்று மாநிலமெங்கும் இவற்றின் எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது. காவல் துறை வரலாற்றைச் சொல்பவர்கள் யாரும் இந்த ஆண்டை விடமாட்டார்கள். அதே 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனம், காவல், வருவாய் என மூன்று துறைகளின் ஆட்கள் புகுந்தார்கள். 18 பழங்குடிப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தண்டித்த 215 பேரில் காவல் துறையினரும் உண்டு. தண்டனையை 2023 செப்டம்பர் 29 அன்று உறுதிசெய்த சென்னை உயர் நீதிமன்றம், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பொறுப்பு கீழிருந்து மேலே ஏற 31 ஆண்டுகள் பிடித்திருக்கிறது. அதற்குள் ஒரு பணிவாழ்க்கை முழுவதும் முடிந்து, பிரிவுபசார விழாவும் நடந்து, ஓய்வூதியமும் வரத் தொடங்கியிருக்கும்.

மேட்டூருக்கு அப்பால் உள்ள காட்டின் கதையும் இப்படிப்பட்டதே. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டபின் அதிரடிப்படையினருக்கு ஒரு படி பதவி உயர்வும் வீட்டுமனையும் தலா 3 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ஓர் அதிகாரியின் குறிப்பில் 'அதிரடிப்படை' என்ற சொல் வந்தால் அது வீரத்தின் முத்திரை. ஆனால் அதிரடிப்படைகளின் அத்துமீறல்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்ததும், மலைக்கிராமப் பெண்கள் அதன்முன் நின்று நடந்ததைச் சொன்னதும், 2007இல் 89 பேருக்கு இடைக்கால நிவாரணமாக 2.80 கோடி ரூபாய் வழங்க ஆணையம் பரிந்துரைத்ததும் யாருடைய பணிக்குறிப்பிலும் சேராது. ஒரே நடவடிக்கையில் ஒரு பக்கம் பதவி உயர்வு; இன்னொரு பக்கம் நிவாரணம். இரண்டையும் கொடுத்தது அரசுதான்.

இப்போது நாமக்கல். 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், உடன்படித்த ஆதிக்கச் சாதிப் பெண்ணுடன் திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தபின் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் உடல் கிடந்தது. விசாரித்தவர் திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா. 27 வயது. தலித் பெண். குரூப் 1 வழியாக வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. முக்கியக் குற்றவாளியாகத் தேடப்பட்ட சாதிச் சங்கத் தலைவர் யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பேச்சுகளை அனுப்பிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 18 அன்று விஷ்ணுபிரியா தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். மேலதிகாரிகளின் நெருக்கடி என்று உடன் பணியாற்றிய தோழி வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடமிருந்து சி.பி.ஐ.க்குப் போனது. வழக்கை முடித்துக்கொள்ள சி.பி.ஐ. அறிக்கை தந்தபோது அவருடைய தந்தை அதை ஏற்க மறுத்து நீதிமன்றத்துக்குச் சென்றார். கோகுல்ராஜ் வழக்கில் யுவராஜுக்கு 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை கிடைத்தது.

அந்த மரணத்தின் காரணத்தை நான் தீர்ப்பிட முடியாது. ஆனால் பணியமர்த்தலைப் பற்றிக் கேட்க முடியும். சாதி இவ்வளவு இறுகிய ஒரு ஊரில், சாதிக் கொலை வழக்கொன்றில், பணிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு தலித் பெண் அதிகாரி நிற்கும்போது அவருக்கு மேலே இருந்த ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள்? யாரிடம் அவர் தன் சுமையைச் சொல்லியிருக்க முடியும்? அந்த மாதங்கள் மேலதிகாரிகளின் பணிக்குறிப்பில் வெறும் ஊர்ப்பெயராக, 'நாமக்கல்' என்று மட்டும் இருக்கும்.

ஒரு பெண் மேலே இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. அதே ஆண்டு ஜனவரியில், அதே நாமக்கல்லில், 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகனை மன்னிப்பு எழுதித் தரவைத்த பேச்சுவார்த்தையை நடத்திய மாவட்ட வருவாய் அலுவலர் ஒரு பெண். அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கூட்டத்தின் சத்தத்துக்கு ஏற்ப 'அமைதி' காப்பதே நிர்வாகம் என்று பழக்கப்பட்ட நாற்காலியில் யார் அமர்ந்தாலும் அந்தப் பழக்கம் தொடரும்.

மேல் வாசல் வழியாக வந்தாலும் பாதுகாப்பு இல்லை என்பதை 2021 பிப்ரவரி காட்டியது. அன்றைய முதல்வர், நம் எடப்பாடியைச் சேர்ந்தவர், சுற்றுப்பயணத்தில் இருந்தார். பாதுகாப்புப் பணியின்போது சட்டம் ஒழுங்குச் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாக ஒரு பெண் எஸ்.பி. புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். பரனூர் சுங்கச்சாவடியில் அவருடைய காரை மறித்தது காவல் படை. அதற்குத் தலைமை தாங்கியவர் இன்னொரு எஸ்.பி. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் தொடர்ந்தது. ஐ.பி.எஸ். பெண்ணின் புகாரே சுங்கச்சாவடியில் மறிக்கப்படுமானால், ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ ஸ்டேஷன் பாரா பார்க்கும் பெண் காவலரின் புகார் எந்த வாசலைத் தாண்டும்? குற்றம்சாட்டப்பட்டவரின் பணிக்குறிப்பு அதுவரை குறையில்லாமல்தான் இருந்திருக்கும். அதனால்தான் அந்த நாற்காலிவரை அவரால் வர முடிந்தது.

2023, 2024 ஆண்டுகளில் சேலம் மாநகர ஆணையராக பி. விஜயகுமாரியும் சேலம் சரக டி.ஐ.ஜி.யாக இ.எஸ். உமாவும் இருந்தார்கள். சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்கள் அடங்கிய சரகம் இது. காவல் துறை என்றாலே மீசையை நினைக்கும் ஊரில் இது சிறிய மாற்றமல்ல. அதைக் கொண்டாடலாம். அதோடு அவர்களிடமும், அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்த ஆண்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தையும் நாம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் இருந்த மாவட்டத்தில் பாலியல் துன்புறுத்தல் உள்புகார்க் குழு எத்தனை முறை கூடியது? சாதி மறுத்து மணந்தவர்கள் பாதுகாப்புக் கேட்டு வந்தபோது பெண்ணைப் பெற்றோரோடு அனுப்பினீர்களா, அவள் சொன்னதைக் கேட்டீர்களா? பந்தோபஸ்துக்கு நின்ற பெண்களுக்குக் கழிப்பறை இருந்ததா? 2021இல் முதல்வர் செல்லும் சாலைகளில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. வெயிலில் நின்ற கால்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் பெண்ணை அந்த வேலையிலிருந்து விலக்குவது ஒன்று, அந்த வேலையை ஒரு பெண் செய்யும்படி மாற்றுவது வேறொன்று. விலக்கி விலக்கியே பெண்களை மகளிர் நிலையம், பயிற்சி, நலப்பிரிவு என்று ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் சட்டம் ஒழுங்கு அனுபவம் போதவில்லை என்று சொல்வது துறைக்கு எளிது.

புதிய எஸ்.பி. வரும்போது இந்தக் கேள்விகளை ஒரு நிருபர் கேட்டால் போதும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. 'பதிலளிக்கவில்லை' என்று அச்சாகும் ஒரு வரி அந்த அரைப் பத்தியில் சேரட்டும். மெய்க்கீர்த்தியில் வராத பெண்களைத் தேடி நாம் தானக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் புரட்டுகிறோம். நம் காலத்துப் பெண்கள் கண்முன்னே சீருடையில் நிற்கிறார்கள். அவர்களிடம் நேராகவே கேட்கலாம்.