மதர்போர்டில் ஒரு பீங்கான் துணுக்கு

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் வெந்து வரும் பொம்மைகளையும் அகல்களையும் இன்சுலேட்டர்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கம்ப்யூட்டரின் பாகங்களைச் சொல்லித்தர வேண்டுமா? கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டுங்கள். எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பெரிய பலகை மதர்போர்டு. ஃபேனுக்கு அடியில் இருப்பது கணக்குப் போடும் சிபியு. நிமிர்ந்து நிற்கும் பட்டைகள் ரேம். கரண்ட் போனால் அதிலிருந்தது காலி. ஹார்ட் டிஸ்க் அணைத்த பிறகும் வைத்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தவை சிபியுவைச் சுற்றிக் கடுகளவில் பழுப்பாக ஒட்டியிருக்கும் கெப்பாசிட்டர்கள். அவையும் பீங்கான் இனம்தான். பேரியம் டைட்டனேட்டை மெல்லிய ஏடுகளாக்கி, நடுநடுவே உலோகப் பூச்சு வைத்து அடுக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் சிபியு திடீரென்று கூடுதல் மின்சாரம் கேட்கும். தள்ளியிருக்கும் பவர் சப்ளையால் அவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியாது. பக்கத்திலேயே இருக்கும் துணுக்கு தன் சேமிப்பைக் கொடுத்து மின்னழுத்தம் சரியாமல் காக்கிறது. எவ்வளவு அழகான வேலை!

1971-ல் வந்த இன்டெல் 4004 என்ற சிபியு சில்லும் தொடக்கத்தில் பீங்கான் உறையில்தான் வந்தது. வெள்ளை உடல், தங்க முலாம், 16 கால்கள். மின்சாரத்தைக் கடத்தாத பீங்கானின் குணத்தால் இன்சுலேட்டர் அதைத் தடுக்கிறது. அதே குணத்தால் கெப்பாசிட்டர் அதைத் தேக்குகிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்க அரசு நிறுவனமே உள்ள ஊரில், முதல் கம்ப்யூட்டர் பாடத்தை இந்தத் துணுக்கிலிருந்தே தொடங்கலாம்.