ஊருக்கு எந்த நாடகம் வரும்? 2,700 நாற்காலிகளின் கணக்கு

அமெரிக்காவில் நியூயார்க்கைத் தாண்டி மற்ற ஊர்களுக்கு டூர் போகும் பிராட்வே இசை நாடகங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒரு குற்றச்சாட்டும் தவறாமல் கூடவே வரும். வெளியூர் ரசிகர்களுக்குப் புதுசு பிடிக்காது, சினிமாவாக வந்த கதையும் ஏற்கெனவே கேட்ட பாட்டும்தான் அவங்களுக்கு வேணும், அதனால்தான் நல்ல நாடகங்கள் நியூயார்க்கோடு நின்றுவிடுகின்றன என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு நாடகம் ஒரு ஊருக்கு வந்து சேரும் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், ரசனை அந்த வரிசையில் ரொம்பப் பின்னால் நிற்கிறது. முன்னால் நிற்பது நாற்காலிகளின் எண்ணிக்கை.

முதலில் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு உள்ளூர் அமைப்பாளர் இருப்பார். சில ஊர்களில் அது லாப நோக்கமில்லாத அறக்கட்டளை, சில ஊர்களில் தனியார் நிறுவனம். டூர் தயாரிப்பாளருக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று அவர் ஒரு நிச்சயத் தொகை ஒப்புக்கொள்கிறார். நம்ம சினிமா விநியோகத்தில் எம்.ஜி. என்பார்களே, மினிமம் கேரண்டி, கிட்டத்தட்ட அதேதான். ராயல்டி, விளம்பரம், உள்ளூர் மேடைத் தொழிலாளர் கூலி, அரங்கச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதை இரண்டு தரப்பும் பங்கு போட்டுக்கொள்ளும். கூட்டம் வராவிட்டாலும் நிச்சயத் தொகையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த பயத்துக்கு மருந்துதான் சீசன் டிக்கெட். ஆறேழு நாடகங்களை ஒரே கட்டாகக் கட்டி, பல மாதங்களுக்கு முன்பே விற்றுவிடுவார்கள். சந்தாதாரருக்கு எல்லா நாடகத்துக்கும் ஒரே இருக்கை. அமைப்பாளருக்குக் கையில் முன்பணம். ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து போன்ற ஊர்களில் இந்தச் சந்தாதாரர்கள் பல்லாயிரக் கணக்கில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் திரை ஏறுவதற்கு முன்பே நாடகம் பாதி ஜெயித்த மாதிரி.

அடுத்தது லாரி. வழக்கமான டூர் ஒரு ஊரில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை 8 காட்சிகள் போடும். ஞாயிறு இரவு கடைசிக் காட்சி முடிந்த கையோடு செட்டைப் பிரித்து ஏற்றி, அடுத்த ஊரில் செவ்வாய் மாலைக்குள் மறுபடி நிறுத்த வேண்டும். அதனால் வரிசையில் அடுத்தடுத்த ஊர்கள் ஓரளவு பக்கத்தில் இருந்தாக வேண்டும். 'லயன் கிங்' மாதிரி 15 லாரிக்கு மேல் பிடிக்கும் நாடகம் என்றால், மேடைக்கு ஆழமும் உயரமும் இருக்கும் அரங்கமும் ஒரு ஊரில் பல வாரம் தங்குவதற்கான கூட்டமும் வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் என்ன செய்கிறது என்று பார்க்க 2004-ஆம் ஆண்டு டோனி விருது சீசன் நல்ல உதாரணம். அந்த ஒரே சீசனின் நான்கு நாடகங்களை எடுத்துக்கொள்வோம்: 'அவென்யூ கியூ', 'விக்கெட்', 'கரோலைன், ஆர் சேஞ்ச்', நம்ம ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்'.

சிறந்த மியூசிக்கல் விருதை வென்றது 'அவென்யூ கியூ'. பொம்மைகளை வைத்து, வேலை கிடைக்காத பட்டதாரிகளின் வாழ்க்கையைச் சொல்லும் குறும்புக்கார நாடகம். தோற்றது 'விக்கெட்'. டோனி வாக்காளர்களில் வெளியூர் அமைப்பாளர்களும் உண்டு என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தங்கள் ஊரில் விற்க வேண்டிய சரக்குக்கு அவர்களே மதிப்பெண் போடுகிறார்கள். விருது கிடைத்த சில நாட்களில் 'அவென்யூ கியூ' தயாரிப்பாளர்கள் ஒரு அறிவிப்பு விட்டார்கள்: டூர் இல்லை, லாஸ் வேகாஸில் வின் ஹோட்டலில் மட்டும்தான் நாடகம். ஓட்டுப் போட்ட வெளியூர்க்காரர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

வேகாஸில் 2005 செப்டம்பரில் தொடங்கிய நாடகம் 2006 மே மாதமே மூடப்பட்டது. அப்புறம் 2007-ல்தான் டூர் கிளம்பியது. ஆனால் இதே நாடகம் நியூயார்க்கில் சுமார் 800 இருக்கைகள் உள்ள கோல்டன் தியேட்டரில் 2009 வரை ஓடியது. அங்கிருந்து 500-க்கும் குறைவான இருக்கைகள் கொண்ட இன்னொரு அரங்கத்துக்கு இறங்கிப்போய் 2019 வரை, இன்னும் பத்து வருஷம் ஓடியது. ரசிகர்கள் இருந்தார்கள், அந்த நாடகத்துக்கு வேண்டியிருந்தது சின்ன ரூம். 'விக்கெட்' 2005-ல் டூர் கிளம்பி ஊர் ஊராக அரங்கங்களை நிரப்பியது. அது பிறந்ததே பிராட்வேயின் மிகப்பெரிய அரங்கங்களில் ஒன்றான கெர்ஷ்வினில், சுமார் 1,900 இருக்கைகளுக்கு நடுவில்.

விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய 'கரோலைன், ஆர் சேஞ்ச்' பிராட்வேயில் நான்கே மாதம். அதற்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ இரண்டு ஊரும் பார்த்தன, முழு அமெரிக்க டூர் கிடையாது. 'பாம்பே ட்ரீம்ஸ்' பிராட்வேயில் 2005 புத்தாண்டு அன்றே மூட்டை கட்டியது. ஆனால் 2006-ல் அமெரிக்க ஊர்களைச் சுற்றி வந்தது! இதற்கு நான் தரும் விளக்கம் இது: நிறைய வண்ணம், நிறைய ஆட்டம், பின்வரிசைக்கும் எட்டுகிற பிரம்மாண்டம். பெரிய அரங்கத்துக்கான சீசன் கட்டில் ஒரு காலி இடத்தை அது நிரப்பும். வரிசையாக ஆட்கள் நின்று ஆடும் பாட்டு 40-வது வரிசையிலிருந்து பார்த்தாலும் பாட்டுதான். லூசியானாவில் ஒரு வீட்டின் நிலவறையில் துணி துவைக்கும் பணிப்பெண்ணின் மனசு அவ்வளவு தூரம் எட்டாது.

இப்போது நாற்காலிக்கு வருவோம். பிராட்வேயின் மிகப்பெரிய அரங்கங்களுக்கே சுமார் 1,900 இருக்கைகள். ஆனால் அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் ஏறத்தாழ 4,600. கொலம்பஸ் நகரின் ஓஹையோ தியேட்டரில் 2,700-க்கு மேல். சுமார் 67,000 பேர் வாழும் ஸ்கெனெக்டடியின் பிராக்டர்ஸ் அரங்கத்தில் ஏறக்குறைய 2,700. எட்டுக் காட்சிக்குக் கணக்குப் போட்டால் வாரத்துக்கு 21,600 டிக்கெட். கோல்டன் தியேட்டரில் நிறைந்த வாரம் என்றாலே 6,400 பேர்தான். நியூயார்க்கில் 'ஹவுஸ்ஃபுல்' ஆன நாடகம், அதே 6,400 பேர் வந்தாலும், ஸ்கெனெக்டடியில் முக்கால்வாசி காலி அரங்கத்தின் முன் நடக்கும்.

சின்ன ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய அரங்கம்? அவை பெரும்பாலும் 1920-களில் கட்டிய சினிமா, வாட்வில் மாளிகைகள். தொலைக்காட்சியும் புறநகரும் வந்த பிறகு காலியாகி, 1960, 70-களில் இடிக்கும் நிலைக்குப் போனவை. ஊர்க்காரர்கள் சண்டை போட்டு மீட்டார்கள். அட்லாண்டா ஃபாக்ஸை ஒரு தொலைபேசி நிறுவனத்தின் தலைமையகத்துக்காக இடிக்க இருந்ததை மக்கள் இயக்கம்தான் தடுத்தது. அருமையான காரியம். ஆனால் மீட்ட கட்டடத்தை நிரப்ப ஏதாவது வேண்டும்; அதற்குப் பொருத்தமாக வந்தது பிராட்வே டூர். அதாவது தூண்களின் மேலும் கூரைச் சித்திரங்களின் மேலும் ஊர் வைத்த பாசம், அந்த ஊரில் என்ன நாடகம் நடக்கலாம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிளீவ்லாந்தின் பிளேஹவுஸ் ஸ்கொயர் அரங்கங்களைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு ஒரு சின்ன நாடகத்துக்கு உண்டு. 1973-ல், ஸ்டேட் தியேட்டரின் முன்கூடத்தில், பெல்ஜியப் பாடகர் ஜாக் பிரெல்லின் பாடல்களைக் கோர்த்த ஒரு நிகழ்ச்சியைச் சில வாரங்களுக்கு என்று தொடங்கினார்கள். இரண்டு வருஷம் ஓடியது. பாழடைந்த அந்தத் தெருவுக்கு இரவில் ஜனம் வரும் என்று நிரூபித்தது அதுதான். வெளியூர் ரசிகருக்குப் புதுசு பிடிக்காது என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

சீசன் டிக்கெட் மேல் எனக்கும் குறை உண்டு. 'ஹாமில்டன்' வந்தபோது பல ஊர்களில், இந்த வருஷம் சந்தா சேர்ந்து அடுத்த வருஷம் புதுப்பித்தால் இடம் நிச்சயம் என்று விற்றார்கள். ஒரு நாடகத்துக்காகப் பன்னிரண்டு நாடகத்தை வாங்கவைப்பது கொஞ்சம் கட்டாயக் கல்யாணம் மாதிரிதான். ஆனாலும், பெயர் கேள்விப்படாத நாடகத்தை ஒரு ஊருக்குள் கொண்டுவரும் வழி இன்றைக்கு அதைவிட்டால் அதிகம் இல்லை. 2015-ல் டோனி வென்ற 'ஃபன் ஹோம்' ஒரு பெண்ணும் அவள் தந்தையும் மறைத்த உண்மைகளும் பற்றிய நெருக்கமான நாடகம். அதன் டூர் 2016-ல் தொடங்கியது, அதே கிளீவ்லாந்தில், சந்தாதாரர்களின் தோளில்தான். தனி டிக்கெட்டை மட்டும் நம்பினால் எந்த அமைப்பாளர் அதைத் தொடுவார்? சந்தா குறையக் குறைய, தெரிந்த பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே பழியை ரசனை மேல் போடுவது சோம்பேறித்தனம். அதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது: ரசனைதான் பிரச்சினை என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பெருமூச்சு விட்டுவிட்டுப் போகலாம். நாற்காலிதான் பிரச்சினை என்றால் வழி உண்டு. டென்வரில் பெரிய டூர் அரங்கத்துக்குப் பக்கத்திலேயே 200 சொச்சம் இருக்கைகளோடு கார்னர் காலரியா என்ற சின்ன அரங்கமும் இருக்கிறது. அங்கே காதல், கல்யாணம் பற்றிய ஒரு சின்ன இசை நாடகம் 2000-த்தில் தொடங்கி நான்கு வருஷத்துக்கு மேல் ஓடியது. லாரி வேண்டாம், வாரத்துக்கு 21,600 பேர் வேண்டாம். மெதுவாக, வாய்வழிப் பேச்சில் கூட்டம் சேர நேரம் கிடைத்தது. ஒரு வார டூருக்குக் கிடைக்காத சொத்து அந்த நேரம்தான்: ஊரில் பேச்சுப் பரவுவதற்குள் லாரி கிளம்பிவிடுகிறது.

டூர் நிறுத்த வேண்டியதில்லை, மாளிகைகளை மூடவும் வேண்டாம். பெரிய அரங்கத்துச் சீசன் கட்டில் ஒரு இடத்தைப் பக்கத்துச் சின்ன அரங்கத்துக்கு ஒதுக்கி, சந்தாதாரரை அங்கே பல வாரங்களில் பிரித்து அனுப்பினாலே போதும். பதினைந்தாயிரம் சந்தாதாரர் இருக்கும் ஊரில் 500 இருக்கை அரங்கம் ஏறக்குறைய நான்கு வாரம் நிறையும். 'கரோலைன்' மாதிரி நாடகங்களுக்கு அந்த நான்கு வாரம் கிடைத்திருந்தால், வெளியூர் ரசனை பற்றி நாம் இன்று வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்போம் என்றே நினைக்கிறேன்.